பாங்கறிந்து ஏறுமின்: மதுரை மாவட்ட ஆங்கில ஆசிரியர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்திலும் உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பள்ளிகளில் ஆங்கிலப் பேச்சு, கட்டுரை, விவாதப் போட்டிகளுக்கு நடுவராக வந்து அமரும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் எனப்படும் அணிகள், கிராமர், வாதத்தில் நுழையும் தருக்கப் பிழைகள் ஆகிய மூன்றைப் பற்றி இந்த மடலை எழுதுகிறோம். மூன்றையும் வகுப்பில் பெயர்ப் பட்டியலாகவே நடத்தி வருகிறோம். ஒரு பாட்டு வரியைக் கொடுத்து அணியின் பெயரைக் கேட்கிறோம். கைடில் அந்த வரிக்கு நேரே உள்ள பெயரை மாணவர் மனப்பாடம் செய்துவந்து எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். பார்த்திராத வரியைக் கொடுத்தால் திகைக்கிறார். சொந்தமாகப் பத்து வரி எழுதச் சொன்னால் அந்த அணிகளில் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை.

எங்கள் வேண்டுகோள் இதுதான். பெயருக்குத் தரும் மதிப்பெண்ணில் பெரும்பங்கை, அந்த உத்தி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்ற விளக்கத்துக்கு மாற்றித் தாருங்கள். இதற்குப் புதிதாக நூல் வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் நடத்திக்கொண்டிருக்கும் இலக்கணத்திலேயே பாதிக்கு மேல் இருக்கிறது. அது ஆங்கிலத்தோடு எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று காட்டுவதுதான் நம் பொறுப்பு.

உவமையிலிருந்து தொடங்குகிறோம், அதிகமாகத் தவறாய்த் திருத்தப்படுவது அதுதான். 'லைக்', 'அஸ்' இரண்டில் ஒன்று கண்ணில் பட்டால் சிமிலி என்று எழுதப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். 'ஹி இஸ் அஸ் டால் அஸ் ஹிஸ் பிரதர்' என்பது வெறும் அளவு ஒப்பீடு. அண்ணனும் தம்பியும் ஒரே இனம். அங்கே அணி இல்லை. 'ஷி ஒர்க்ஸ் அஸ் எ கிளார்க்' என்பதில் ஒப்பீடே இல்லை. 'அஸ்' அங்கே 'ஆக' என்ற பொருளில் நிற்கிறது. மாணவருக்கு உவமை, உவமேயம், பொதுத்தன்மை, உவம உருபு என்ற நான்கும் ஏற்கெனவே தெரியும். ஆங்கில வரியிலும் அந்த நான்கையும் தேடச் சொல்லுங்கள். உவம உருபு மட்டும் கிடைத்து மற்றவை கிடைக்கவில்லை என்றால் அது உவமை இல்லை. பொதுத்தன்மையை ஒரு சொல்லில் எழுதச் சொல்வது மிகவும் முக்கியம். மெட்டஃபர் கெட்டுப்போவதும் அந்த இடத்தில்தான். 'பள்ளி ஒரு தொழிற்சாலை' என்று உருவகித்த மாணவர் அடுத்த வரியில் 'ஆகவே தேறாத பிள்ளைகளை ஒதுக்கிவிட வேண்டும்' என்று எழுதினால், அழகுக்காக வந்த உருவகம் காரணமாக மாறிவிட்டது. எந்தப் பொதுத்தன்மைக்காக ஒப்பிட்டோமோ அதைத் தாண்டி ஒப்பீட்டை இழுத்துச் செல்லும்போது அது பொய் ஒப்புமை என்ற தருக்கப் பிழையாகிறது. அணிக்கும் தருக்கத்துக்கும் நடுவே இருக்கும் இந்தக் கதவைப் பத்தாம் வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

அலிட்டரேஷனை மோனை என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதனால் ஒரு தவறு வேரூன்றுகிறது. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டி நடப்பதால் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் எழுத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். 'சிட்டி', பூனையைக் குறிக்கும் 'கேட்' இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகா. 'ஃபோன்', 'ஃபேன்' இரண்டும் வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஆகும். 'நைஃப்' என்ற சொல்லின் முதலெழுத்து ஒலிப்பதே இல்லை. அது 'நோஸ்' என்பதோடுதான் சேரும். இன்னும் ஒரு படி மேலே போனால், அழுத்தம் விழும் அசையையே ஆங்கிலக் காது கணக்கில் கொள்கிறது. 'பிஹைண்ட்' என்ற சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையில் இருப்பதால் அது 'ஹவுஸ்' என்பதோடு இசையும். 'புக்' என்பதோடு அவ்வளவாக இசையாது. ரைம் என்பதை எதுகை என்று எழுதிவைப்பதும் சரியில்லை. எதுகை இரண்டாம் எழுத்தில் நிற்பது. ரைம் அடியின் கடைசியில் வருவதால் இயைபுக்கே நெருக்கம். அங்கும் ஒலியே கணக்கு: 'லவ்', 'மூவ்' இரண்டும் கண்ணுக்கு ஒத்திருந்தாலும் காதுக்கு ஒத்துவரவில்லை.

மெட்டானிமி, சினெக்டகி என்ற பெயர்களைக் கண்டு மிரளும் மாணவருக்கு ஆகுபெயர் தெரியும். 'தலைக்கு நூறு ரூபாய்' என்பது சினையாகுபெயர், அதுவே சினெக்டகி. 'மதுரை வென்றது' என்பது இடவாகுபெயர். அது மெட்டானிமியில் அடங்கும். ஒன்றன் ஈறு அடுத்ததன் முதலாகும் அனடிப்ளோசிஸ் நமக்கு அந்தாதி. சொல்லத் தகாததை நயமாக மறைத்துச் சொல்லும் யூஃபெமிசத்தை இடக்கரடக்கலும் மங்கலமும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு சொல் விளக்குபோலப் பல இடத்துக்கும் ஒளி தரும் தீவக அணி ஸூக்மாவின் உடன்பிறப்பு. முதல்நிலை, இடைநிலை, கடைநிலை என்ற பகுப்பு இரண்டுக்கும் பொது. 'அவர் கோட்டையும் பொறுமையையும் இழந்தார்' என்று ஒரே வினை இரு பொருளில் நின்று சிரிப்பூட்டுவது மட்டும் ஆங்கிலத்தில் தனியாக வளர்ந்த வழக்கு.

திரும்பச் சொல்லும் அணிகளைச் சற்று நிதானமாக நடத்துங்கள். மேடைப் பேச்சில் பிள்ளைகள் உண்மையாகவே கையாள்வது இவற்றைத்தான். 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் 'ஐ ஹேவ் எ ட்ரீம்' என்று அடுத்தடுத்த வாக்கியங்களைத் தொடங்கியது அனஃபரா. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் 'மக்களுடைய', 'மக்களால்', 'மக்களுக்காக' என்று அடுக்கிய இடத்தில் ஆங்கிலச் சொல்வரிசையில் 'பீப்பிள்' என்ற சொல் மூன்று தொடர்களின் கடைசியிலும் விழுகிறது, அது எபிஸ்ட்ரஃபி. முதலில் திரும்புவது பேச்சை முன்னே தள்ளும். கடைசியில் திரும்புவது ஒரு சொல்லின் மேல் எடையை இறக்கிவைக்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லும் மாணவருக்குப் பெயர் மறந்துபோனாலும் மதிப்பெண் போடலாம். திரும்ப வரும் தொடருக்குப் பின்னால் வரும் செய்தி ஒவ்வொரு முறையும் வளர வேண்டும். மூன்று முறையும் ஒரே செய்தி வந்தால் கேட்பவருக்குப் பல்லவி மட்டுமே மிஞ்சும். நம் போட்டி மேடைகளில் அடிக்கடி நடப்பது இதுதான்.

சொற்களை இடம் மாற்றித் திரும்ப அடுக்கும் கயாஸ்மஸைத் தமிழ்ப் பிள்ளைகள் கோட்டைவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேளாதே, நாட்டுக்கு நீ என்ன செய்யலாம் என்று கேள் என 1961 ஜனவரி 20 அன்று கென்னடி சொன்னதில், 'நாடு', 'நீ' என்ற இரு சொற்களும் இடம் மாறி நிற்கின்றன. தமிழில் வேற்றுமை உருபு வேலையைச் சொல்லிவிடுவதால் சொல் எங்கே நின்றாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் நிற்கும் இடமே வேலையைச் சொல்கிறது. அதனால் இடம் மாற்றுவதே அங்கு பொருளைப் புரட்டிப் போடுகிறது. அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, மாறிய சொற்களைக் குறுக்காகக் கோடிட்டு இணைத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இனி இலக்கணம். நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இது.

'இங்' என்று முடியும் சொல்லைக் கண்டதும் 'கன்டினியூவஸ் டென்ஸ்' என்று எழுதுவது பரவலான பிழை. அதே வடிவம் தமிழில் வெவ்வேறு பெயர் கொண்டவற்றின் வேலைகளையெல்லாம் செய்கிறது. 'ரீடிங் இஸ் குட்' என்பதில் அது தொழிற்பெயர். 'த ரீடிங் பாய்' என்பதில் பெயரெச்சம். 'ரீடிங் த லெட்டர், ஷி ஸ்மைல்ட்' என்பதில் வினையெச்சம். 'ஷி இஸ் ரீடிங்' என்பதில் முற்றுவினையின் ஒரு பகுதி. ஜெரண்ட், பார்ட்டிசிபிள் என்ற பெயர்களை இந்தப் பகுப்புக்குப் பின்னால் அறிமுகம் செய்தால் குழப்பம் வராது.

டேங்லிங் மாடிஃபையர் என்று அஞ்சப்படும் பிழை, தமிழ்ப் பிள்ளைக்கு மிக எளிதாகப் பிடிபட வேண்டிய ஒன்று. 'வாக்கிங் டு மாட்டுத்தாவணி, த ரெயின் ட்ரென்ச்ட் ஹெர்' என்ற வாக்கியத்தை அப்படியே தமிழாக்கச் சொல்லுங்கள்: 'மாட்டுத்தாவணிக்கு நடந்து, மழை அவளை நனைத்தது.' நடந்தது யார், மழையா என்று வகுப்பே கேட்கும். 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் அது சென்று முடியும் வினையும் ஒரே வினைமுதலைக் கொள்ள வேண்டும் என்று நன்னூல் வகுத்த விதி ஆங்கில பார்ட்டிசிபிளுக்கும் பொருந்துகிறது. திருத்த இரண்டு வழிகள் உள்ளன. வினைமுதலை ஒன்றாக்கி 'ஷி வாஸ் ட்ரென்ச்ட் பை த ரெயின்' என்று முடிக்கலாம். அல்லது எச்சத்தைப் பிரித்து, 'அஸ் ஷி வாஸ் வாக்கிங்' என்று அதற்கென ஓர் எழுவாய் கொடுக்கலாம். முதல் வழியில் பாஸிவ் வாய்ஸ் உதவிக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள். பாஸிவே கூடாது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இந்த இடத்தை யோசிக்க வேண்டும். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிக்கப்பட்டது என்று எழுதும்போதும் பாஸிவ் சரியானதே. பேச்சு அணையைப் பற்றியது. 'பணம் செலவிடப்பட்டது' என்று எழுதிச் செலவிட்டவரை மறைக்கும்போதுதான் அதைக் கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'மழை பெய்து நெல் விளைந்தது' என்று தமிழ் அனுமதிக்கிறது. பெய்தது மழை, விளைந்தது நெல். 'பெய்ய' என்ற பொருளில் 'பெய்து' திரிந்து நிற்பதாக நம் இலக்கணம் அதற்கு இடம் தந்திருக்கிறது. ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. 'ஹேவிங் ஃபாலன், த பேடி க்ரூ' என்று எழுதினால் விழுந்தது நெல் என்றாகிவிடும். 'த ரெயின் ஹேவிங் ஃபாலன்' என்று எழுவாயையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நல்ல தமிழ் எழுதும் பிள்ளைகளே ஆங்கிலத்தில் இந்தப் பிழையைச் செய்வதற்கு இந்தச் சலுகை ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

ஹூ, விச் என்று தொடங்கும் தொடருக்கு முன்னால் காற்புள்ளி போடுவதா வேண்டாமா என்பதையும் இப்படியே தீர்க்கலாம். 'த ஸ்டூடண்ட்ஸ் ஹூ கேம் லேட் வேர் ஃபைன்ட்' என்றால் தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் அபராதம். 'ஹூ கேம் லேட்' என்பதன் இருபுறமும் காற்புள்ளி வைத்தால் மாணவர் அனைவரும் தாமதமாக வந்தார்கள், அனைவருக்கும் அபராதம் என்று பொருள். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு. அது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் வேறு நிற ஞாயிறு இல்லை. அது இனமில்லா அடை. முதலாவதற்குக் காற்புள்ளி வேண்டாம், இரண்டாவதற்கு வேண்டும். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டுக்குக் குறி இல்லை. ஆனால் தொல்காப்பியமே அதைக் கண்டு பேசியிருக்கிறது.

தருக்கத்துக்குப் போகும் பாலமாக இரண்டு இடைச்சொற்கள். 'படித்தால் தேறுவாய்', 'படித்தால்தான் தேறுவாய்' இரண்டையும் 'இஃப் யூ ஸ்டடி' என்றே பிள்ளைகள் பெயர்க்கிறார்கள். இரண்டாவது 'ஓன்லி இஃப்'. முதலாவது படிப்பு போதும் என்கிறது. இரண்டாவது படிப்பு இல்லாமல் முடியாது, ஆனாலும் அது மட்டும் போதும் என்று வாக்குத் தரவில்லை என்கிறது. அடுத்தது உம்மை. 'எல்லாரும் வரவில்லை' என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் வரவில்லையா? முற்றும்மை எதிர்மறையோடு சேரும்போது எச்சப்பொருளும், அதாவது சிலர் மட்டும் வரவில்லை என்பது போன்ற பொருளும், தரும் என்று இலக்கணம் சொல்கிறது. 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்ற வரியும் அப்படிப்பட்டதே. அதன் ஆங்கில வடிவத்துக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. கட்டுரையில் 'நாட் ஆல்', 'நன்' இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்து எழுதச் சொல்லுங்கள்.

இப்போது ஃபேலஸி என்னும் தருக்கப் பிழை. இந்தச் சொல்லுக்குத் தமிழில் 'போலி' என்ற அருமையான பெயர் இருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, 29ஆம் காதையில் பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என்று வகுத்துச் சொல்கிறது. அதாவது நிறுவ வந்த கூற்றில் உள்ள பிழை, காட்டிய காரணத்தில் உள்ள பிழை, கொடுத்த எடுத்துக்காட்டில் உள்ள பிழை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் வகுத்தவை 13. அவற்றில் 6 சொல்லால் விளைபவை, 7 சொல்லுக்கு அப்பாற்பட்டவை. இரு பட்டியலும் ஒன்றுக்கொன்று நேராக உட்காரா. ஆனால் 'பிழை கூற்றிலா, காரணத்திலா, எடுத்துக்காட்டிலா' என்ற மூன்று கேள்விகளை லத்தீன் பெயர் எதுவும் தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவராலும் கேட்க முடியும்.

இதற்கு மதுரையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறெங்கும் கிடைக்காது. சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையை ஆங்கில விவாத வகுப்பில் வைத்துப் பாருங்கள். 'கன்றிய கள்வன் கையது ஆகில்' என்று பாண்டியன் ஆணையிடுகிறான். விசாரணைக்கு முன்பே 'கள்வன்' என்ற சொல் வந்துவிட்டது. நிறுவ வேண்டியதைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்வது 'பெக்கிங் த கொஸ்டின்'. இப்போது செய்தித்தாள்கள் அந்தத் தொடரை 'கேள்வியை எழுப்புகிறது' என்ற பொருளில் எழுதுகின்றன. பழைய பொருள் வேறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். 'ஆகில்' என்ற நிபந்தனையை யாரும் சோதிக்கவில்லை. அரசியின் சிலம்பு பொற்சிலம்பு, கோவலன் கையில் இருப்பதும் பொற்சிலம்பு, ஆகவே இது அரசியுடையது என்பது காரணம். பொற்சிலம்பு கள்வன் கையிலும் இருக்கலாம், உரியவன் கையிலும் இருக்கலாம். இரு பக்கமும் செல்லும் காரணத்தைத்தான் மணிமேகலை அநைகாந்திகம் என்கிறது. ஆங்கிலத் தருக்க நூல்கள் இதை 'அன்டிஸ்ட்ரிபியூட்டட் மிடில்' என்னும். இவன் முகக்குறி கொலைக்குரியவனாகக் காட்டவில்லையே என்று காவலர் தயங்கும்போது, பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து முதலிய எட்டை அடுக்குகிறான். குற்றமற்றவனாகத் தெரிவதையே கள்வனின் திறமைக்குச் சான்றாக்கிவிடுகிறான். எந்தச் சான்று வந்தாலும் தன் பக்கமே சாய்த்துக்கொள்ளும் இப்படிப்பட்ட வாதத்தை எதனாலும் மறுக்க முடியாது. அதுவே அதன் குறை. பின்னால் வழக்குரை காதையில் கண்ணகி வேறுபடுத்தும் குறி ஒன்றை முன்வைக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசனோ 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். உடைத்தால் தெரிந்துவிடும். நல்ல மறுப்பு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

மற்ற போலிகளை இதே சூட்டோடு நடத்தலாம். மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது. தண்ணீர் லாரி போயிருந்தால்? புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இராது, பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாருங்கள். முன்னால் நடந்ததே பின்னால் நடந்ததற்குக் காரணம் என்னும் போஸ்ட் ஹாக் என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இங்கே ஒரு கவனம் தேவை. அழகர் பச்சைப்பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் அந்த ஆண்டு செழிக்கும் என்று ஊர் நம்புகிறது. நம்பிக்கையாகச் சொல்லும்போது அது வாதமே இல்லை. போலி என்று முத்திரை குத்துவது தவறு, மனத்தைப் புண்படுத்தவும் செய்யும். விளைச்சலுக்குக் காரணம் கேட்கும் கட்டுரையில் அதைக் காரணமாக எழுதினால் மட்டும், நீர்வரத்தும் விதையும் உரமும் எங்கே என்று கேளுங்கள்.

நடுவர்களிடம் தனியாகச் சில சொற்கள். பட்டிமன்ற மேடை இந்த ஊரின் பெருமை; இரு பக்கமும் பேசிப் பழகியதால்தான் நம் பிள்ளைகளுக்கு வாய் திறக்கிறது. ஆனால் 'இதுவா அதுவா' என்று தலைப்பை இரண்டாகப் பிளப்பது மேடையின் தேவைக்காக. அந்தப் பழக்கத்தைக் கட்டுரைக்கும் கொண்டுவந்து, மூன்றாவது வழியே இல்லாததுபோல் எழுதுவது 'ஃபால்ஸ் டைலெமா'. விவாதத்தில் இன்னும் அடிக்கடி வருவது ஸ்ட்ரா மேன். வகுப்பு நேரத்தில் செல்போன் வேண்டாம் என்று எதிரணி சொன்னால், 'தொழில்நுட்பமே வேண்டாம் என்கிறார்கள்' என்று மாற்றிச் சொல்லி அதை அடிப்பது. 'நீங்கள் மட்டும் செல்போன் வைத்திருக்கவில்லையா?' என்று கேட்டால் அரங்கம் கைதட்டும். கேட்டவர் கூற்றுக்குப் பதில் சொல்லவில்லை, ஆளைத்தான் சுட்டினார். கைதட்டலுக்கு மதிப்பெண் போகும்வரை இது மாறாது.

போலியின் பெயரைக் கற்ற பிள்ளைகள் அதையே கல்லாக எறிவதும் உண்டு. ஆளைத் தாக்கும் வாதம் என்ற பொருளில் 'இது அட் ஹாமினெம்' என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறார்கள். காரணம் தவறாக இருந்தாலும் முடிவு சரியாக இருக்கலாம். வேறு நல்ல காரணம் கிடைக்கலாம். காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லை மேற்கோள் காட்டுவது பிழையில்லை. பாலம் கட்டுவதற்கு அவர் சொல்லைக் காட்டுவதே பிழை. சாட்சி சொல்பவர் முன்பு பொய் சொன்னவரா என்று கேட்பதும் பொருத்தமானதுதான். ஆகவே பெயர் சொன்ன மாணவரிடம் 'எந்த வரியில், ஏன்?' என்று கேட்காமல் மதிப்பெண் தராதீர்கள்.

நடைமுறைக்கு இப்படிப் பரிந்துரைக்கிறோம். வகுப்புத் தேர்வில் அணி பற்றிய 2 மதிப்பெண் வினாவில் பெயருக்கு அரை, வரியில் அது நிற்கும் சொல்லைச் சுட்டுவதற்கு அரை, அது செய்யும் வேலையை ஒரு வாக்கியத்தில் எழுதுவதற்கு 1. வாரத்தில் ஒரு பீரியட், தமிழ் வாக்கியம் ஒன்றும் அதன் ஆங்கிலம் ஒன்றுமாகக் கரும்பலகையில் எழுதி எச்சம், அடை, உம்மை மூன்றையும் ஒப்பிடுங்கள். ஒரு பீரியடுக்கு நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் களைத்துவிடுவார்கள். விவாதப் போட்டிக்கு 20 மதிப்பெண் என்றால், எதிரணி சொன்னதை அவர்கள் 'ஆம், அதைத்தான் சொன்னோம்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்வதற்கு 5, காரணத்துக்கும் முடிவுக்கும் உள்ள இணைப்புக்கு 6, சான்றுக்கு 4, மொழிக்கு 3, குரலுக்கும் நிற்கும் விதத்துக்கும் 2. முதல் 5-ஐ எடுக்காத அணிக்கு முதற்பரிசு இல்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

'பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்' என்று மணிமேகலையில் முரசறைவோன் வாதிகளுக்கு அறிவிக்கிறான். அந்த அறிவிப்பை உங்கள் பள்ளிப் போட்டியின் விதித்தாளில் முதல் வரியாக அச்சிட்டு, அதன் கீழே மேற்சொன்ன மதிப்பெண் பங்கீட்டையும் சேர்த்துப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மதுரையில் ஆங்கிலமும் தமிழும் கற்பிப்போர் சிலர்